முழுமைச் சேடு

கொக்குவிலில் விடைத்தாள் திருத்தும் மண்டபம்.
பத்தரைக்கே கரண்ட் போய்விட்டது.
மேசைக்கு ஏழு பேர்,
மின்விசிறிகள் நின்ற நிலையில் நிற்கின்றன.
சுட்டெண்ணைத் தவிர வேறு பெயரில்லாத ஒரு பிள்ளை
பன்னிரண்டின் மூலத்தை
இருபத்தேழின் மூலத்தால் பெருக்குகிறது.

சுருக்கிவிட்டுப் பெருக்கு என்றுதான் வகுப்பில் சொல்வோம்.
பன்னிரண்டுக்குள் ஒரு நான்கு, அது இரண்டாகி வெளியே வரும்.
இருபத்தேழுக்குள் ஒன்பது, அது மூன்றாகும்.
உள்ளே மிஞ்சிய மூன்றும் மூன்றும்
ஒன்றையொன்று கண்டதும் கூரையைக் கழற்றிவிட்டு
ஒரே மூன்றாய் முற்றத்தில் நிற்கும்.
ஆறு மூன்று பதினெட்டு.

இந்தப் பிள்ளை அந்த வழியால் போகவில்லை.
முந்நூற்று இருபத்து நான்கு என்று முதலில் பெருக்கிவிட்டு
அந்தப் பெரிய எண்ணோடு தனியே நிற்கிறது.
ஓரத்தில் பதினாறைப் பதினாறால் பெருக்கி, வெட்டி,
பதினேழைப் பதினேழால், அதையும் வெட்டி,
பதினெட்டில் பேனை அழுந்தித் தாளே குழிந்திருக்கிறது.

பூநகரிக்குப் போக இப்போது சங்குப்பிட்டிப் பாலம் இருக்கிறது.
பாலத்துக்கு முந்தி
ஆனையிறவால் சுற்றி, பரந்தனில் திரும்பி,
குலுங்கிக் குலுங்கிப் போனவர்களும்
பூநகரிக்குத்தான் போனார்கள்.
முழுப் புள்ளி போட்டேன்.

அடுத்த பகுதிதான் சிக்கல்.
ஆறின் மூலம் தர பன்னிரண்டின் மூலம்.
விடை: எழுபத்திரண்டின் மூலம்.
பிழையில்லை.
ஆனால் எளிய வடிவில் தரச் சொன்னது கேள்வி;
புள்ளித்திட்டத்துக்கு வேண்டியது
ஆறு, பக்கத்தில் இரண்டின் மூலம்.

அருகே பென்சிலால் எழுதி அழித்த தடம்.
தாளைச் சரித்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
இரண்டு இரண்டு இரண்டு மூன்று மூன்று.
முதல் இரண்டு இரண்டுகளுக்கும் ஒரு வட்டம்,
மூன்றுகளுக்கு ஒரு வட்டம்,
மிஞ்சிய இரண்டுக்கு மேல்
ஒரு கேள்விக்குறி.
சோடியில்லாததை என்ன செய்வதென்று தெரியாமல்
வட்டங்களையும் அழித்து
ஐந்தையும் திரும்ப உள்ளே அனுப்பியிருக்கிறது.

தாளைத் தூக்கிக்கொண்டு பிரதம பரீட்சகரிடம் போனேன்.
அருட்சோதி சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"வழி தெரிஞ்சிருக்குத்தான்.
ஆனா அழிச்சதுக்குப் புள்ளி குடுக்கேலாது, ரீச்சர்.
அழிச்சால் எழுதேல்லை எண்டுதான் கணக்கு."
"வெட்டியிருந்தால்?"
"வெட்டினதை வாசிக்கலாம்."
"இதையும் வாசிச்சிட்டன்."
அவர் சிரிக்கவில்லை.
பச்சைப் பேனையால் மேசையைத் தட்டி,
"இன்னும் எட்டுக் கட்டுக் கிடக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி.
அவருடைய கதிரையில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.
ஒரு புள்ளியைக் குறைத்தேன்.
புழுக்கத்தில் சிவப்பு மை காய நேரமெடுத்தது.

சோடியானது வெளியே வரும்,
தனித்தது உள்ளே கிடக்கும்.
போன வருசம் பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னபோது
பிலோமினா கடைசி வாங்கிலிருந்து கேட்டாள்:
"அப்ப நீங்கள், மிஸ்?"
வகுப்பே சிரித்தது. நானும்.
"நான் பகா எண்" என்றேன்.
அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

பின்னேரம் பருத்தித்துறை பஸ்.
கொண்டக்டரிடம் சில்லறை இல்லை.
ரிக்கற்றின் பின்பக்கம் ஒரு எண்ணைக் கிறுக்கி,
"மிச்சம் இறங்கேக்க, அக்கா" என்றான்.
சேடு என்றாலும் மிச்சம்தானே.
இருபது வருசமாய்ப் படிப்பிக்கிறேன்,
அந்தச் சொல்லை இன்றைக்குத்தான் காதால் கேட்டேன்.

வல்லை வெளியில் காற்று முகத்தில் அடித்தது.
தூணுக்கு ஒரு இலக்கமாய் இரண்டின் மூலத்தைச் சொல்லிப் பார்த்தேன்:
ஒன்று, தசம், நாலு, ஒன்று, நாலு, இரண்டு, ஒன்று...
பிறகு எனக்குத் தெரியாது.
தூண்கள் தொடர்ந்து வந்தன.

நெல்லியடியில் இறங்கி, பஸ்ஸும் போன பிறகுதான்
ரிக்கற் கைக்குள் கசங்கிக் கிடப்பது தெரிந்தது.
எழுபது.
எழுபத்திரண்டு என்றிருந்தால் அழகாயிருந்திருக்கும்.
இரண்டு, ஐந்து, ஏழு.
ஒரு சோடியும் இல்லை.
அப்படியே மடித்துப் பேர்சுக்குள் வைத்தேன்.